கடலுக்குள் இறங்கும் கார்பனை நீங்களே கணக்குப் போடுவது எப்படி

கடலும் கார்பனும் என்று பேச்சு வந்தாலே மேலே எவ்வளவு பாசி வளர்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வளர்ந்தது எவ்வளவு வேகமாகக் கீழே விழுகிறது என்பதுதான். நுண்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உடம்பாக மாற்றுகின்றன, ஆனால் அதில் பெரும்பகுதி வெயில் படுகிற மேல்நீரிலேயே தின்னப்பட்டு மறுபடி கரியமில வாயுவாகிவிடுகிறது. மிச்சம்தான் கீழே கிளம்புகிறது. அப்படிக் கிளம்பியதையும் வழி நெடுக பாக்டீரியாவும் சிறு விலங்குகளும் தின்றுகொண்டே இருக்கும். பேப்பர், பேனா, இரண்டு பாட்டில் இருந்தால் போதும், இதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் பாட்டில். உயரமான கண்ணாடிப் பாட்டில் இரண்டு எடுங்கள், ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீர் (கடலில் இருப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்). தனியாக ஒரு கிண்ணத்தில் களிமண்ணைக் கரைத்து, மணல் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே நிற்கிற கலங்கல் நீரை மட்டும் இரண்டு பாட்டிலிலும் சம அளவு ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பு நீரில் தூசி ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சு மாதிரித் திரண்டு இறங்க ஆரம்பிக்கும். நல்ல தண்ணீர் மட்டும் மறுநாள் பார்த்தாலும் கலங்கலாகவே நிற்கும். அதே மண்தான், திரண்டதால் விழுகிறது.

ஒரு திரளைக் கண்ணால் பின்தொடர்ந்து, ஸ்கேலையும் கடிகாரத்தையும் வைத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1 செ.மீ. இறங்கினால் நாளுக்கு 14.4 மீட்டர். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், பாட்டிலில் களிமண்ணைத் திரள வைப்பது உப்பு, கடலில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பாசிகள் கசியவிடுகிற பிசின். செத்த பாசி, விலங்குகளின் எச்சம், பாக்டீரியா எல்லாம் அந்தப் பிசினில் ஒட்டி அரை மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால் அதற்குக் கடல் பனி என்று பெயர்.

அடுத்தது நேரம். ஆழத்தை வேகத்தால் வகுத்தால் போதும். தனியாக மிதக்கும் ஒரு டயாட்டம் (கண்ணாடி ஓடு கொண்ட நுண்பாசி) செல் நாளுக்கு 1 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் 4,000 மீட்டர் ஆழத்தைத் தொட ஏறக்குறைய 11 ஆண்டு ஆகும். அதற்குள் அதில் எதுவும் மிஞ்சாது. நாளுக்கு 100 மீட்டர் விழும் ஒரு திரளுக்கு 40 நாள்தான். கிரில் (இறால் போன்ற சிறு கடல் உயிர்) போன்றவற்றின் எச்சக் கட்டிகள் நாளுக்குப் பல நூறு மீட்டர்கூடப் போகும்.

இனி எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடலியல் ஆய்வாளர் ஜான் மார்ட்டினும் அவருடைய குழுவும் 1987-இல் வடகிழக்குப் பசிபிக் அளவீடுகளிலிருந்து ஒரு வாய்பாடு தந்தார்கள். ஆழத்தை 100-ஆல் வகுத்து, அதை மைனஸ் 0.858 அடுக்குக்கு உயர்த்த வேண்டும், வருவதுதான் 100 மீட்டரைக் கடந்த கார்பனில் அந்த ஆழத்தில் மிஞ்சும் பங்கு. கால்குலேட்டர் இல்லையென்றால் குறுக்கு வழி இருக்கிறது: ஆழம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 55 சதவீதம் மிஞ்சும். 100 மீட்டரில் 100 பங்கு என்று தொடங்குங்கள். 200-இல் 55, 400-இல் 30, 800-இல் 17, 1,600-இல் 9, 3,200 மீட்டரில் 5. எழுதிப் பார்த்தாலே தெரியும், பெரிய இழப்பு முதல் சில நூறு மீட்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் உங்கள் கவனமும் அங்கேதான் இருக்க வேண்டும். 1,000 மீட்டரைத் தாண்டிய கார்பன் பொதுவாக நூற்றாண்டுக் கணக்கில் காற்றுக்குத் திரும்பாது, அந்த ஆழத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று தனியாகக் குறித்து வையுங்கள் (சுமார் 14).

சரி, எல்லாக் கடலுக்கும் 0.858 பொருந்துமா? பொருந்தாது, இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். ஹவாய்க்கு அருகே 150 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரை சுமார் 20 சதவீதம்தான் தப்பியது, வடமேற்குப் பசிபிக்கில் ஓரிடத்தில் அதே தூரத்தில் சுமார் 50 சதவீதம் தப்பியது. 2007-இல் வெளியான முடிவுகள் இவை. அடுக்கு எண்ணை முதல் இடத்துக்கு 1.3, இரண்டாவதற்கு 0.5 என்று மாற்றி மறுபடி போடுங்கள். 3,200 மீட்டரில் 5 பங்கு இருந்த இடத்தில் ஒன்றில் 1 பங்கு, மற்றதில் 18 பங்கு வரும். அதனால் ஒரே எண்ணோடு நிறுத்தாமல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், யாராவது அளந்த தரவை எடுத்தால் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். கயிற்றில் தொங்கவிட்ட புனல் கலனில் பிடித்திருந்தால், தானாக நீந்தி உள்ளே வந்த உயிர்களைப் பொறுக்கி எடுத்தார்களா என்று தேடுங்கள், எடுக்காவிட்டால் கார்பன் கூடுதலாகத் தெரியும். தோரியம்-234 என்ற கதிரியக்கத் தனிமத்தை வைத்து அளந்திருந்தால் கதை வேறு. நீரில் கரைந்தே இருக்கும் யுரேனியத்திலிருந்து அது பிறக்கிறது, 24 நாளில் பாதியாகிறது, துகள் எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்கிறது. யுரேனியத்தின் கதிரியக்கத்துக்கு ஈடாக மேல்நீரில் தோரியத்தின் கதிரியக்கம் இல்லையென்றால், அந்தக் குறைதான் கடந்த சில வாரங்களில் துகள்களோடு கீழே போனது.