மெலடிக் டெக்னோ செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, லேப்டாப்பும் ஒன்றிரண்டு ஹார்ட்வேர் சிந்த்தும் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் சிந்தசைசர்) வைத்து மெலடிக் டெக்னோ என்கிற மெலடி கலந்த மின்னணு நடன இசை செய்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர் இருக்கிறார்கள். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் இந்த இசை அவர்களுக்குப் புதிதில்லை. கேட்டுப் பார்க்கச் சொல்லி அவர்கள் அனுப்பும் ட்ராக்குகளில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் பாதிக்கு மேல் ஒரே பிரச்சினை: முப்பது சேனல் ஓடுகிறது, எதுவும் நகரவில்லை.

இந்த இசை நிற்பதே ஒரு சின்ன மெலடியின் மேல்தான். 120-லிருந்து 125 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகம்), ஒரு மைனர் ஸ்கேல், நாலைந்து ஸ்வரம், இவ்வளவுதான் சரக்கு. அதே வரி ஆறேழு நிமிடம் சுற்றியும் அலுக்கவில்லை என்றால், அதன் நிறம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இது பிடிபடாதவர்கள் எட்டு பார் (ஒரு பார் என்பது நாலு அடி) லூப் சப்பென்று இருக்கிறதே என்று மேலே தெறித்து ஒலிக்கும் ஒரு பிளக், அதற்கும் மேலே நீண்டு ஒலிக்கும் ஒரு பேட், அப்புறம் யாரோ பாடிய ஒரு வோக்கல் சாம்பிள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், கடைசியில் எல்லாம் சேர்ந்து மெலடியையே மூடிவிடும்.

அடுக்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். 122 பிபிஎம்மில் ஏ மைனரில் ஒரு வரி, ஒரே சிந்த், சா டூத் (ரம்பப் பல் வடிவ) அலை. ஃபில்டர் கட்ஆஃபை (எதற்கு மேலே ஒலி வெட்டப்படுகிறது என்ற அளவு) 300 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, 64 பார் முழுக்க, அதாவது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, கையால் மெல்லத் திறந்துகொண்டே போங்கள், நடுவில் என்வெலப்பின் டிகேயையும் (ஸ்வரம் தொடங்கிய பின் அடங்க எடுக்கும் நேரம்) கொஞ்சம் நீட்டுங்கள். கை ஓரிடத்தில் தயங்கும், ஓரிடத்தில் சட்டென்று முந்தும், மவுஸால் இழுத்த நேர்கோட்டு ஆட்டோமேஷனில் அந்த உயிர் வராது. ஹார்ட்வேர் சிந்த்துக்குப் பணம் கொடுப்பதே இதற்காகத்தான் என்பேன். அந்த டேக்கை அப்படியே ஆடியோவாக ரெக்கார்ட் செய்து, நல்ல பகுதிகளை வெட்டி எடுங்கள். எல்லாவற்றையும் மிடியாகவே (ஒலியாக இல்லாமல் வெறும் ஸ்வரக் குறிப்புகளாக) வைத்திருந்தால் கடைசி நாள் வரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், ட்ராக் முடியாது. வரியின் நீளத்தையும் 16 ஸ்டெப்புக்குப் (ஒரு பார்) பதில் 12 ஸ்டெப் ஆக்கிப் பாருங்கள், மூன்று பாருக்கு ஒருமுறைதான் அதன் தொடக்கம் பாரின் முதல் அடியில் வந்து சேரும், ஒரு ஸ்வரம்கூடக் கூட்டாமல் லூப் புதிதாகக் கேட்கும்.

கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) பாருக்கு ஒன்றாக மாற்றுவதும் இதே வகைத் தவறு. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல பேஸை ஒரு ஸ்வரத்தில் நிறுத்திவிட்டு மெலடியை மட்டும் நகர்த்துங்கள், ஏக்கம் தானாக வரும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம்: நேச்சுரல் மைனர் என்பது நடபைரவி, தைவதத்தை மட்டும் ஏற்றினால் கரகரப்ரியா, அதாவது டோரியன். ஏ-யை ஆதாரமாக வைத்தால் எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப், அவ்வளவுதான். பிரேக்டவுன் (தாளம் அடங்கி நிற்கும் பகுதி) முடிகிற நேரத்தில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், வெளிச்சம் உள்ளே வரும்.

கிக்கும் (ஒவ்வொரு பீட்டிலும் விழும் டிரம் அடி) பேஸும் முட்டிக்கொள்வதை ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்தே சரிசெய்யப் பார்ப்பார்கள், முதலில் நீளத்தைப் பாருங்கள். 122 பிபிஎம்மில் ஒரு பீட் 492 மில்லிசெகண்ட். கிக்கின் வால் 250 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆஃப்பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) வரும் பேஸ் மேல் ஏறி உட்காரும், வாலை வெட்டுங்கள். கிக்கை ட்யூன் செய்வதும் முக்கியம், ஏ மைனர் ட்ராக்குக்கு 55 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக உட்காரும்.

ரிவெர்ப் (எதிரொலிப்பு) பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தனி சேனலில் வையுங்கள், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிக் அடிக்கும்போது அடங்குகிற மாதிரி சைட்செயின் கொடுங்கள்.

ஹார்ட்வேர் பக்கம் வந்தால், சிந்த்தை ஆன் செய்த உடனே ரெக்கார்ட் பட்டனை அழுத்துவது பெரிய தவறு. விசிஓ (மின்னழுத்தத்தால் சுருதி மாறும் ஆசிலேட்டர்) உள்ள அனலாக் சிந்த்துகளில் சூடு ஏற ஏற சுருதி நகரும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் மதியம் எடுத்த டேக்கும் ராத்திரி எடுத்த டேக்கும் ஒட்டாமல் போகலாம், இருபது நிமிடம் ஓடவிட்டு ட்யூன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கார்க் மினிலாக் போன்ற நாலு வாய்ஸ் சிந்த்தில் (ஒரே நேரத்தில் நாலு ஸ்வரம்தான் ஒலிக்கும்) ரிலீஸை, அதாவது கீயை விட்ட பின் ஒலி அடங்கும் நேரத்தை, நீளமாக வைத்து நாலு ஸ்வரக் கார்டுகளை அடுத்தடுத்து வாசித்தால் முந்தைய கார்டின் வால் அறுந்துபோகும், இரண்டு ஸ்வரத்தோடு நிறுத்துங்கள், அல்லது கார்டுகளைத் தனித்தனியாக ரெக்கார்ட் செய்து சேருங்கள். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட் பயன்படுத்தினால் அதிலேயே ஹார்ட்வேர் லேட்டன்சிக்கு (ஒலி வந்து சேரும் தாமதத்துக்கு) ஒரு இடம் இருக்கிறது, அதைத் தொடாமல் விட்டுவிட்டு க்ரூவ் சரியில்லை என்று மெலடியை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அப்புறம் அந்த ஹம். 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸில் இரைச்சல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியில் சுற்றுவதால் வருவது). எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள், சிந்த்தில் பேலன்ஸ்டு அவுட்புட் இருந்தால் அதற்கேற்ற கேபிள் போடுங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி). பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிர் போகும் விஷயம். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, சேமிக்காத பேட்ச் (சிந்த்தில் அமைத்த ஒலி) அதோடு போய்விடும், அதனால் நாப்கள் இருக்கும் நிலையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்வேர் வாங்க வசதியில்லை என்பதால் யாரும் நிறுத்த வேண்டாம். வைட்டல் என்ற மென்பொருள் சிந்த் இலவசமாகவே கிடைக்கிறது, நாப்கள் உள்ள ஒரு மிடி கன்ட்ரோலர் இருந்தால் மேலே சொன்ன கை வேலை எல்லாம் அதிலும் நடக்கும். பிரபலமான பிரீசெட்டை (தயாராக வரும் ஒலியை) அப்படியே போட்டால் மட்டும் கேட்டவுடன் தெரிந்துவிடும், வெறும் பேட்சிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, எங்கே கேட்டு முடிவு செய்கிறோம் என்பது. ஓசூர் ரோட்டில் காரில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் ஓடும் காரில் இன்ஜின், டயர் இரைச்சலெல்லாம் பேஸ் இருக்கும் இடத்திலேயே விழுவதால் பேஸ் குறைவு போலத் தோன்றும், வீட்டுக்கு வந்து ஏற்றிவிடுவீர்கள். வண்டியை ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மாஸ்டருக்குப் (கடைசி மெருகேற்றலுக்குப்) போகும் முன் முழு மிக்ஸையும் ஒருமுறை மோனோவில் (இடது, வலது ஒன்றாகச் சேர்த்து) ஓட்டுங்கள், பாக்ஸ் செட்டுகள் மோனோவில் ஓடுவது சகஜம். அகலமாக இருக்க வேண்டும் என்று யூனிசனும் கோரஸும் (ஒலியைப் பல பிரதிகளாக்கி விரிக்கும் வசதிகள்) ஏற்றிய லீட், அதாவது முக்கிய மெலடி, மோனோவில் மெலிந்துபோனால், அகலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, நடுவில் அதே வரியை ஒரே ஆசிலேட்டரில் மெல்லிய லெவலில் வையுங்கள்.