யூனியன் ஜாக் கவுன்: கொடி திரும்பிப் போகாமல் தைப்பது எப்படி?

1997 பிப்ரவரியில் லண்டனில் நடந்த பிரிட் இசை விருது விழாவில், ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாப் பாடகியர் குழுவின் ஜெரி ஹாலிவெல் ஒரு குட்டைக் கவுனில் மேடையேறினார். கருப்புக் கவுன் ஒன்றின் மேல், யூனியன் ஜாக் எனப்படும் பிரிட்டிஷ் கொடி அச்சிட்ட சமையலறைத் துண்டை அவருடைய சகோதரி தைத்துக் கொடுத்த உடை அது. முதுகுப் பக்கம் சமாதானச் சின்னம் இருந்தது. அடுத்த ஆண்டே சதபீஸ் ஏலத்தில் 41,320 பவுண்டுக்கு விலைபோனது. தொண்ணூறுகளின் பாடல்களுக்கு ஆடும் மேடைகளில் இன்றும் இதன் நகல்கள் தென்படுகின்றன. அவற்றில் பலவற்றில் கொடி தவறாக இருக்கிறது. தையல் தெரியாததால் வரும் தவறல்ல இது, கொடியின் கணக்கைப் பார்க்காததால் வருவது.

முதலில் அந்தக் கணக்கு. கொடியின் உயரம் 30 கூறு, நீளம் 60 கூறு. நடுவிலுள்ள சிவப்புச் சிலுவையின் அகலம் 6 கூறு, அதன் இருபுறமும் 2 கூறு வெள்ளைக் கரை. மூலைக்கு மூலை ஓடும் சாய்பட்டை மொத்தம் 6 கூறு. மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் 3 கூறு அகன்ற வெள்ளை, மறுபக்கம் 2 கூறு சிவப்பும் 1 கூறு மெல்லிய வெள்ளையும். அதாவது, சிவப்பு நடுவில் ஓடாது, அதன் ஒரு விளிம்புதான் மூலைவிட்டத்தைத் தொடும். சிவப்பை நடுவில் வைத்துத் தைத்துவிடுவதுதான் மிகச் சாதாரணமான பிழை.

எந்தப் பக்கம் அகன்ற வெள்ளை என்பதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. கடிகார முள் சுற்றும் திசையில் கொடியைச் சுற்றி வாருங்கள். நான்கு சாய்பட்டைகளிலும் மெல்லிய வெள்ளை, சிவப்பு, அகன்ற வெள்ளை என்ற வரிசையே வர வேண்டும். கொடியை நெட்டுக்குத்தாகத் திருப்பினாலும் தலைகீழாகச் சுழற்றினாலும் இந்த வரிசை மாறாது. கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டினால் மட்டுமே மாறும்.

உடம்பு நெட்டுவாக்கில் நீண்டது என்பதால் கொடியையும் நெட்டுக்குத்தாகவே வையுங்கள். உடம்பின் மிக அகன்ற சுற்றளவோடு 6 செ.மீ. கூட்டி, பாதியாக்கி, 30ஆல் வகுத்தால் ஒரு கூறின் அளவு கிடைக்கும். சுற்றளவு 84 செ.மீ. என்றால் ஒரு கூறு 1.5 செ.மீ. முன்பாகம் 45 × 90 செ.மீ., சிவப்புச் சிலுவை 9 செ.மீ., கரையோடு 15 செ.மீ., சாய்பட்டை 9 செ.மீ. குறுக்குச் சிலுவை தோளிலிருந்து 45 செ.மீ. கீழே, இடுப்புக்குச் சற்றே தாழ விழும். சுற்றளவு 96 செ.மீ. என்றால் கூறு 1.7 செ.மீ., நீளம் 102 செ.மீ. ஆகிவிடும். அப்போது கீழே மட்டும் வெட்டினால் சிலுவை தொடைக்கு இறங்கிவிடும். மேலே 8, கீழே 8 செ.மீ. என்று சமமாகக் குறையுங்கள்.

துணிக்குக் காட்டன் பாப்ளின் போதும். 110 செ.மீ. அகலத்தில் வெள்ளை 1.1 மீட்டர், சிவப்பு 1 மீட்டர், முன்பின் இரண்டுக்கும் பட்டிக்கும் சேர்த்து நீலம் 2 மீட்டர். நீலம் நேவி ப்ளூவை ஒட்டிய அடர் நிறமாக இருக்கட்டும், ராயல் ப்ளூ வேண்டாம். மூன்றையும் தனித்தனியாக நனைத்து உலர்த்தி அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள். ஈர வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துணி ஆகாது. முதல் துவைப்பிலேயே வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமாகிவிடும். டெரிகாட்டன் சிவப்பில் இந்தத் தொல்லை குறைவு.

நீலத் துணியை நாலாபுறமும் 2.5 செ.மீ. கூட்டி 50 × 95 செ.மீ. வெட்டுங்கள். மார்புக்கு டாட் (உடல் வளைவுக்கேற்ற கூம்பு மடிப்பு) பிடிப்பதானால் அதை முதலில் தைத்து அயர்ன் செய்துவிட வேண்டும். சாய்பட்டை மார்பின் மேலாகத்தான் போகிறது. பட்டை வைத்த பிறகு டாட் பிடித்தால் கோடு அங்கே ஒடிந்து நிற்கும்.

பட்டைகளை நேர் இழையில் வெட்டுங்கள், இருபுறமும் 1 செ.மீ. மடிப்புக்கு விடுங்கள். சாய்பட்டைதானே என்று குறுக்கிழையில் வெட்டினால் தைக்கும்போது இழுபட்டு வளையும். வெள்ளைப் பட்டைகளின் உட்புறம் மெல்லிய வெள்ளை ஒட்டு கேன்வாஸ் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அடியிலுள்ள நீலம் தெரிந்து வெள்ளை சாம்பலாகத் தோன்றும்.

வைக்கும் வரிசை இது: வெள்ளைச் சாய்பட்டைகள் இரண்டு, சிவப்புச் சாய்பட்டைத் துண்டுகள் நான்கு, வெள்ளைச் சிலுவை, கடைசியில் சிவப்புச் சிலுவை. சிவப்புச் சாய்துண்டுகளின் உள்முனை வெள்ளைச் சிலுவைக்கு அடியில் 1 செ.மீ. நுழைந்தால் போதும். நடுவில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து வயிற்றுப் பக்கம் விறைக்கும் என்பதால், மேல் பட்டையைத் தைக்குமுன் அதன் அடியில் மறையும் வெள்ளையை வெட்டி எடுத்துவிடுங்கள். சாய்பட்டையின் அடியிலுள்ள நீலம் எளிதில் இழுபடும். அதன் பின்னால் ட்ரேசிங் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் சுருக்கம் விழாது. 14ஆம் எண் ஊசி போடுங்கள்.

மடித்துத் தைக்காமல், தாளோடு வரும் இருபக்கப் பசையால் ஒட்டுவோர் கவனிக்க: வரைவது தாளின் மேல், ஒட்டுவது துணியின் பின்பக்கம். படத்தை அப்படியே வரைந்தால் துண்டுகள் இடவலம் மாறி வெட்டுப்படும். மாற்றியே வரைய வேண்டும்.

இனி நீலப் பின்பாகத்தோடு சேர்த்து, நடுமுதுகில் 50 செ.மீ. ஜிப் வைத்து முடிக்கலாம். கைக்குழியும் கழுத்தும் வெட்டும்போது சாய்பட்டையின் மேல்முனை போகத்தான் செய்யும். அதைக் காப்பாற்ற மூலைவிட்டத்தை நகர்த்தாதீர்கள், மீதிக் கோட்டைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியை நம்பி எதையும் பிரிக்கவும் வேண்டாம். சரியாகத் தைத்த கொடி கண்ணாடியில் தவறாகத்தான் தெரியும். செல்பி படத்திலும் அப்படியாகலாம். வேறொருவரைப் பின்கேமராவில் படமெடுக்கச் சொல்லி, அதில் கடிகாரச் சுற்றைச் சரிபாருங்கள்.

பிரிட்டனில் கொடியை உடையாக அணியத் தடைச்சட்டம் இல்லை. இதே முறையில் மூவர்ணக் கொடியைத் தைக்கக் கேட்டு யாராவது வந்தால் ஏற்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 2005 திருத்தத்துக்குப் பிறகு, இந்தியக் கொடியை இடுப்புக்குக் கீழ் அணியும் எதிலும் தடுக்கிறது. கைக்குட்டை, உள்ளாடை, உடைத் துணி ஆகியவற்றில் அச்சிடுவதும் எம்பிராய்டரி செய்வதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சுதந்திர தின நடனத்துக்கு வெள்ளை உடை தைத்து, சட்டையில் இடது மார்பில் சிறிய கொடி பேட்ஜ் குத்திக் கொடுங்கள்.