ஒரு ஞாயிறோடு நின்றுபோகும் நடை

சில வருடங்களுக்கு முன்பு நண்பர்கள் நான்கு பேராகச் சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குப் போனோம். ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கிளம்பும்போதே காலை பத்தரை மணி, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர். பாலத்தின் நீளம் 250 மீட்டர்தான். ஆனால் நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து சுற்றிவிட்டுத் திரும்ப ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பாலம் தாண்டி வரும் படிகளில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சட்டையில் உப்புப் பூத்திருக்க, படியிலேயே உட்கார்ந்து, காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, "இனிமேல் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

எனக்கு அதுதான் வருத்தம். நடை, ஓட்டம், சைக்கிள், காயக் படகு எதுவானாலும் திறந்த வெளியில் உடம்பை அசைப்பவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர உதவியாக இருக்கும், தூக்கம் நன்றாக வரும், மனப்பாரம் இறங்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும். அதனால் நம்மை மறுபடி போகவிடாமல் தடுக்கும் தவறுகளைத்தான் முதலில் களைய வேண்டும் என்று நினைக்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே பெரிதாகத் தொடங்குவது அவற்றில் முதலாவது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும். வீவக அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஓடும் பூங்கா இணைப்புப் பாதையே அதற்குப் போதும். பழைய ரயில் தடம் 24 கிலோமீட்டர் நீளம் என்றாலும், ஓரிடத்தில் ஏறி அடுத்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். சாகசம் வேண்டுமா, சாங்கி முனையிலிருந்து படகில் புலாவ் உபின் தீவுக்குப் போய், வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றிவிட்டு வாருங்கள். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரம்தானே என்று ஓடி ஏற வேண்டாம். ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறங்கும்போதுதான்.

அடுத்தது வெயில். "நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு வெயில் புதுசா?" என்று பலரும் கேட்பார்கள். வாரம் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு வெயில் புதிதுதான். அது பழக 10 முதல் 14 நாள் ஆகும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. நம் ஊர் ஈரக்காற்றிலோ வியர்வை எளிதில் ஆவியாகாமல் தோலிலேயே வழிந்துகொண்டிருக்கும். அதனால் 31 டிகிரி என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வெப்பத்தோடு ஈரப்பதம், காற்று, வெயிலின் கடுமை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, வெப்ப அழுத்தம் குறைவா, மிதமா, அதிகமா என்று 2023 முதல் அரசாங்கத்தின் மைஎன்வி கைப்பேசிச் செயலியில் காட்டுகிறார்கள். வீட்டுக் கதவைப் பூட்டும் முன் அதை ஒருமுறை பாருங்கள். ஏழு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டால் நல்லது. தலை சுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காருங்கள். கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தடுமாறினாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்துவிட்டு, உடனே அவர் உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கினால் சாப்பிட, பையில் நாலு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நம்மவர்களிடையே சர்க்கரை அதிகம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மழையையும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். அப்புறம், பசியாற வாங்கிய வடையைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்காதீர்கள். பையைப் பார்த்தால் உள்ளே சாப்பாடு இருக்கும் என்று குரங்குகளுக்குத் தெரியும். பாவம் என்று நாமே எடுத்துக் கொடுத்தாலும் 5,000 வெள்ளி வரை அபராதம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. "வெயில்ல போனா கறுத்துப்போவே." பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். கிட்டப்பார்வை உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. பகல் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு அது வருவது குறைகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பது நல்ல கணக்கு. நிழலில் விளையாடினாலும் பரவாயில்லை. மர நிழலின் வெளிச்சமே டியூஷன் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். தொப்பி, சன்ஸ்கிரீன் போதும்.

கடைசியாகக் கைப்பேசி. 10,000 காலடி ஆயிற்றா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்தபடி நடந்தால் கால்தான் வெளியில் இருக்கும், மனம் அலுவலகத்திலேயே கிடக்கும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு முன்பு கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, 2012இல் புல்லும் கல்லும் கொண்ட ஆறாக மாற்றி முடித்தார்கள். போன வாரம் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தக் கரையில் நின்றேன். ஒரு நீர்நாய் குட்டிகளோடு கல்மேல் ஏறி, மீனைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. முள் நொறுங்கும் சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.