டிக்ஸ் ஒரு வருஷம் தாண்டியும் போகலயா? என்னென்ன வைத்தியம் இருக்கு

கண்ண சிமிட்டிட்டே இருக்கான், தோள உலுக்குறான், தொண்டைய செருமுறான், இப்படி தன்னையறியாம திரும்பத் திரும்ப வர்ற அசைவும் சத்தமும்தான் டிக்ஸ். இது ஒரு வருஷத்துக்கு மேலயும் நீடிச்சா நாள்பட்ட டிக்ஸ்னு சொல்வாங்க, அசைவு பலதும் கூடவே சத்தமும் இருந்தா டூரெட்னு பேரு. எங்க வீட்லயும் இருக்கு. மொதல்ல "நிறுத்துடா"ன்னு சொல்றத விட்ருங்க ப்ளீஸ், தும்மல் வர்ற மாதிரி உள்ளேர்ந்து ஒரு உந்துதல் வருது, புள்ள வேணும்னு பண்ணல.

அவன்கிட்டயே கேளுங்க, உனக்கு இது தொந்தரவா இருக்கான்னு. வலி இல்ல, கிண்டல் இல்ல, படிக்க எழுத முடியுதுன்னா வைத்தியமே வேணாம், டீச்சர்கிட்ட விஷயத்த சொல்லி வச்சா போதும். 10-12 வயசுலதான் பெரும்பாலும் ஜாஸ்தியா இருக்கும், அப்புறம் நெறைய பேருக்கு தானா குறையுது.

தொந்தரவுன்னா மாத்திரைக்கு முன்னாடி சிபிஐடி (CBIT) பயிற்சி, அதாவது டிக்க சமாளிக்க பழக்குற, மருந்தில்லாத வைத்தியம். இதோட முக்கியமான பகுதிக்கு ஹேபிட் ரிவர்சல்னு பேரு. வழக்கமா 10 வாரத்துல 8 செஷன், ஒரு நேரத்துல ஒரு டிக்க எடுத்துக்கிட்டு, அது வர்றதுக்கு முன்னாடி எந்த எடத்துல இறுகுது அரிக்குதுன்னு கவனிக்க பழக்குவாங்க, உந்துதல் வந்ததும் அந்த டிக்க செய்யவே முடியாதபடி வேற ஒன்னு செய்யணும், தோள் உலுக்கலுக்கு தோள கீழ இறக்கி முழங்கைய இடுப்போட அழுத்தி வைக்கறது, செருமலுக்கு வாய மூடி மூக்கால மெதுவா மூச்சு விடறது, உந்துதல் அடங்குற வரைக்கும், இல்லன்னா ஒரு நிமிஷம். 2010ல வந்த அமெரிக்க ஆய்வுல 126 பசங்க, பயிற்சி எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல நல்லா தேறுனாங்க, ஆறுதலும் விளக்கமும் மட்டும் கெடச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கும் கம்மியாதான் தேறுனாங்க. நம்ம ஊர்ல இது தெரிஞ்சவங்க கம்மிதான், அதனால சைக்காலஜிஸ்ட்கிட்ட "ஹேபிட் ரிவர்சல் பண்ணுவீங்களா"ன்னு நேராவே கேட்ருங்க, வீடியோ கால்ல கூட பண்ணலாம்.

அது போதலன்னா மருந்து. குளோனிடின் தூக்கம் வரவைக்கும், பிபி எறங்கும், திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க, பிபி எகிறிடும். அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன்ல வெயிட் போடும். ஒரே எடத்துல படுத்துற டிக்குக்கு போடாக்ஸ் ஊசி உண்டு. மூளைக்குள்ள கம்பி வைக்கிற ஆபரேஷன் எதுக்கும் அடங்காத ரொம்ப கடுமையான கேஸுக்கு மட்டும்தான். கூடவே ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது), ஓசிடி (வேண்டாத எண்ணம் வந்துட்டே இருந்து, செஞ்சதையே திரும்பத் திரும்ப செய்யறது) இருக்கான்னு கண்டிப்பா பாக்க சொல்லுங்க, பல புள்ளைங்களுக்கு டிக்க விட அதான் பெரிய பாடு.

எங்க பையனுக்கு டாக்டர் ரூமுக்குள்ள போனா ஒன்னு கூட வராது. போறதுக்கு முன்னாடி போன்ல ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, அவன்கிட்ட கேட்டுட்டு எடுங்க.