ரோமப் பொற்காசா? தலையை விட்டுப் பூவைப் பாருங்கள்

திருகோணமலையில் எந்த நகைக்கடையில் ஏறினாலும் பேச்சு பவுணில்தான், பவுண் என்றால் 8 கிராம், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துப் பொற்காசான ஔரியஸும் ஏறக்குறைய அதே நிறைதான், அதனால் அதன் கனம் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சரி, அந்தக் காசில் உள்ள படத்தையும் எழுத்தையும் எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் ரோமக் காசுகளின் நல்ல படங்கள் இருக்கின்றன, பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லோரும் பேரரசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் பிடியுங்கள். எல்லாம் சுருக்கம், ‘யு’ (U) வரவேண்டிய இடத்தில் ‘வி’ (V) இருக்கும். அதில் ‘டி ஆர் பி’ (TR P) என்று தேடுங்கள். பேரரசருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் அதிகாரம் அது, பக்கத்தில் ரோம எண் இருந்தால் காசின் ஆண்டு கிடைத்துவிடும். பேரரசர் கிளாடியஸின் காசில் ஆறு (VI) என்றால் கி.பி. 46–47.

இனிப் பூப்பக்கம், அதாவது காசின் பின்புறம். சிறகு முளைத்த பெண் வெற்றிக்கு அடையாளம், ஒலிவக் கிளை பிடித்தவள் சமாதானத்துக்கு, தராசு பிடித்தவள் நேர்மைக்கு. இவ்வளவு தெரிந்தாலே பாதிக் காசுகளை வாசிக்கலாம். ஆனால் படம் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள், அரசர் மக்கள் எதை நம்ப வேண்டும் என்று நினைத்தாரோ அதுதான் அங்கே இருக்கும். அதே கிளாடியஸ் காசின் பின்புறத்தில் பிரித்தானியாவை வென்றதற்கான வளைவு நிற்கிறது, ரோமில் அந்த வளைவைத் திறந்து வைத்ததோ 51 வாக்கில்தான்! பேரரசர் நெர்வாவின் காசு இன்னும் வேடிக்கை: இரண்டு கைகள் இறுகப் பற்றியிருக்கும், ‘படைகளின் ஒற்றுமை’ என்று எழுதியிருக்கும், 97இல் அவருடைய சொந்தக் காவல்படையே அரண்மனைக்குள் புகுந்து அவரை மிரட்டியது. ஒற்றுமை என்று ஓர் அரசர் உரக்கச் சொன்னால், அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று ஒருதரம் தேடிப் பார்ப்பது நல்லது.

முகத்தில் உளிவெட்டு இருந்தால் பழுதென்று ஒதுக்காதீர்கள். 1898இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 500க்கும் மேற்பட்ட ஔரியஸ்களில் பெரும்பாலானவற்றில் அந்த வெட்டு உண்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலரின் விளக்கம்.

இலங்கையில் ரோமப் பொற்காசு அபூர்வம், இங்கே அதிகம் கிடைத்தவை 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள். எது அகப்பட்டாலும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், நகைக்கடைக்கும் கொண்டு போக வேண்டாம், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள், சட்டம் அப்படித்தான்.