யார் சொன்ன வசனம் இது? யோபு 8:7-ஐ வைத்து ஒரு வேத வாசிப்புப் பயிற்சி

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய அட்டை, எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது யோபு 8:7. துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம். கடைத் திறப்பு அழைப்பிதழிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வேதத்தை விளங்கிக்கொள்ளப் பழக இது அருமையான வசனம். வேதாகமத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள்

யோபு 8-இல் மொத்தம் 22 வசனங்கள்தான். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, இன்றைய வசன எண்கள் 16-ஆம் நூற்றாண்டில் வந்தவை. மூல ஆசிரியர் எந்த எண்ணும் போடவில்லை. அதனால் ஓர் எண்ணில் தொடங்கி அதே எண்ணில் நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: யார், யாரிடம், எப்போது?

பென்சில் இதற்குத்தான். முதல் வசனத்திலேயே பதில் இருக்கிறது: பேசுகிறவன் சூகியனான பில்தாத். யோபின் மூன்று நண்பர்களில் ஒருவன். அவன் பெயரைக் கோடிடுங்கள்.

கேட்பவர் யோபு. பெருங்காற்றில் வீடு இடிந்து ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். ஆடுமாடுகள் போயின. உடம்பெல்லாம் பருக்கள். அப்படிப்பட்ட தகப்பனிடம் பில்தாத் என்ன சொல்கிறான்? நான்காம் வசனத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனுக்குத் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்தார் என்ற தொனி. ஆறுதல் சொல்ல வந்தவன் பேசும் பேச்சா இது! அடுத்து ஆறாம் வசனம்: நீர் சுத்தமும் செம்மையுமானவராக இருந்தால் தேவன் உமக்காக எழுந்தருளுவார். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டையில் இருப்பது. அதாவது இது நிபந்தனையோடு வந்த பேச்சு. ‘நீ இப்போது சுத்தமானவன் இல்லை’ என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது.

படி 3: என்ன வகை எழுத்து?

யோபு புத்தகத்தின் தொடக்கமும் முடிவும் கதை, நடுவில் இருப்பது பெரும்பாலும் கவிதை வடிவிலான வாக்குவாதம். வாக்குவாதத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். ஆகவே ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வேதம் சொல்கிறது என்று முடிவுகட்ட முடியாது. எழுத்தின் வகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீதிமொழிகள் 26:4, 5 இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று, சொல் என்கிறது அடுத்தது. நீதிமொழி என்பது சட்டம் அல்ல, சமயமறிந்து பயன்படுத்தும் ஞானம். அது புரிந்தால் முரண்பாடாகத் தெரியாது.

படி 4: புத்தகத்தின் முடிவுக்குப் போங்கள்

புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். யோபு 42:7-இல் கர்த்தரே தீர்ப்புச் சொல்கிறார்: எலிப்பாசும் அவன் இரண்டு நண்பர்களும் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை. அந்த இருவரில் பில்தாத்தும் ஒருவன்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. 42:12-இல் யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட அதிகமாக ஆசீர்வதிக்கப்படுகிறது. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. பில்தாத் சொன்ன முடிவு வந்தது, சொன்ன காரணம்தான் தவறு. யோபு எந்தப் பாவத்துக்கும் தண்டனை அனுபவிக்கவில்லை என்பது முதல் அதிகாரத்தை வாசித்த நமக்குத் தெரியும். நண்பர்களுக்குத் தெரியாது.

படி 5: மற்றப் புத்தகங்களோடு ஒப்பிடுங்கள்

பில்தாத்தின் கணக்கை இயேசுவின் சீடர்களும் போட்டார்கள். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள். இயேசு அந்தக் கணக்கையே மறுக்கிறார். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றியும் அப்படித்தான்.

அதற்காக நண்பர்கள் பேசியது எல்லாம் குப்பை என்றும் தள்ளிவிட வேண்டாம். எலிப்பாஸ் யோபு 5:13-இல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் மேற்கோள் காட்டுகிறார். ஒவ்வொன்றையும் நிதானித்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 6: அப்படியானால் வேதத்தின் அதிகாரம்?

இங்கேதான் பலர் பயப்படுவார்கள். பில்தாத் தவறாகப் பேசினான் என்றால் வேதம் தவறு என்று ஆகிவிடாதா? ஆகாது. அவன் பேசியதை வேதம் உள்ளபடி பதிவுசெய்கிறது, பிறகு அதைத் திருத்தவும் செய்கிறது. பதிவுசெய்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்லும்போது, யோபு புத்தகம் முழுவதும் அதில் அடங்கும், 42-ஆம் அதிகாரம் உட்பட.

மத்தேயு 4-இல் பிசாசும் சங்கீதம் 91-ஐத்தான் மேற்கோள் காட்டினான். வசனம் சரிதான், பயன்படுத்திய விதம்தான் தவறு. இயேசு இன்னொரு வேதவாக்கியத்தைக் கொண்டே பதில் சொன்னார். வசனத்துக்கு வசனம் காவல் என்பது அப்படி.

சபைகளுக்குள் வித்தியாசமும் உண்டு. புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்க விவிலியத்தில் 73. வேதமே இறுதி அளவுகோல் என்பார்கள் புரொட்டஸ்டன்ட்கள். வேதத்தோடு மரபும் திருச்சபையின் போதனையும் சேர்ந்தே வழிகாட்டும் என்பார்கள் கத்தோலிக்கர். ஆனால் மேலே சொன்ன ஐந்து படிகளையும் இரு தரப்பும் பயன்படுத்தலாம்.

படி 7: இப்போது நமக்கு என்ன?

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், முதலில் அல்ல. அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஆனால் புதுக்கடைக்கு லாபம் நிச்சயம் என்று இந்த வசனம் உறுதி தரவில்லை. யோபிடமிருந்து நம்பிக்கை எடுக்க வேண்டுமென்றால் யாக்கோபு 5:11-ஐ எடுங்கள். அது யோபின் பொறுமையையும் கர்த்தருடைய செயலின் முடிவையும் சேர்த்தே பேசுகிறது. துக்க வீட்டுக்குப் போகும்போது, பில்தாத் மாதிரி காரணம் சொல்லாமல் இருப்பதும் ஒரு பாடம்.

சரி, அடுத்த பயிற்சியை நீங்களே செய்யுங்கள். இன்னொரு பிரபல அட்டை வசனம் எரேமியா 29:11. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று ஏன் இருக்கிறது, 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷம் என்று ஏன் சொன்னான் என்று தேடிப் பாருங்கள். பென்சிலைக் கீழே வைக்க வேண்டாம்.