ட்ரமடால் வலி மாத்திரையை நிறுத்தும்போது வரும் உபாதைகள்: நான் சமாளித்த விதம், படிப்படியாக

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏழு மாதம் ட்ரமடால் சாப்பிட்டேன். 50 மில்லிகிராம் கேப்ஸ்யூல், நாளுக்கு நான்கு. வலி நன்றாகக் குறைந்ததும், இனி எதற்கு என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மறுநாள் சாயங்காலம் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், ஜலதோஷம் என்றுதான் நினைத்தேன். இரவு இரண்டரை மணிக்குக் கால் குடைச்சல் ஆரம்பித்தது. விரிப்பில் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது, ஆனால் கையில் ரோமம் குளிரில் நிற்பதுபோல் குத்திட்டு நிற்கிறது. மூன்றாம் நாள் மருத்துவரைக் கூப்பிட்ட பிறகுதான் இதற்கு வித்ட்ராயல் என்று பெயர் என்பதே தெரிந்தது. அவர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார், அதற்குப் பிறகு மெதுவாக நிறுத்தினேன். அந்த வழியைத்தான் எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் எனக்கு என் மருத்துவர் சொன்னவை, உங்களுடையதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 1: நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ட்ரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து. அது நரம்பு மண்டலத்தை அமுக்கி வைக்கிறது, மூளை அதற்கு ஈடுகொடுத்துப் பழகுகிறது. மருந்தைச் சட்டென்று எடுத்தால் அமுங்கிக் கிடந்த நோர்அட்ரினலின், உடம்பை உஷார்ப்படுத்தும் ரசாயனம், ஒரேயடியாகப் பொங்குகிறது. வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் விளைவுதான். ட்ரமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு, மனச்சோர்வு மாத்திரைகளைப் போல, மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தையும் கூட்டும். அதனால் சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஒரு துடிப்பும், காரணமில்லாத பயமும் வரும். எனக்கு இரண்டும் வந்தன.

சட்டென்று நிறுத்தினால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளுக்குள் ஆரம்பிக்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும், தூக்கம் மட்டும் சீராக வாரக்கணக்கில் ஆகலாம். பழைய வலியும் இந்த நாட்களில் தலைதூக்கும். முதுகு மறுபடி கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், வித்ட்ராயலே வலியைக் கூட்டிக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டவர்களுக்கும் இது வரும். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. வீட்டில் யாராவது உங்களைப் போதைக்கு அடிமை என்று பேசினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

படி 2: குறைப்பதற்கு முன் மருத்துவர்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். கர்ப்பம், வலிப்பு, இதய நோய், தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, மது, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஓபியாய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறையான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் எச்சரிக்கையே வெளியிட்டது. நிறுத்தச் சொல்லும் மருத்துவரே எப்படி நிறுத்துவது என்று சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

படி 3: குறைப்பது. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்

வாரம் ஒரு கேப்ஸ்யூல் குறைத்தால் நாலு வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். 200-லிருந்து 150, ஒன்றும் தெரியவில்லை. 150-லிருந்து 100, கொஞ்சம் தூக்கம் கெட்டது. 100-லிருந்து 50-க்கு வந்த இரண்டாம் நாளே அந்தக் கால் குடைச்சல் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே 50 தானே, இப்போது மட்டும் ஏன்?

உடம்பு மில்லிகிராமை எண்ணுவதில்லை, விகிதத்தை எண்ணுகிறது. 200-ல் 50 என்பது கால் பங்கு. 150-ல் மூன்றில் ஒரு பங்கு. 100-ல் பாதி. கடைசி 50 என்பது முழுசு! ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு படியும் முந்தியதைவிடப் பெரிய பள்ளமாகிறது. சில மாதங்கள் சாப்பிட்டவர்கள் முதலில் வாரம் ஆரம்ப டோஸில் 10 சதவீதம் குறைக்கலாம், மீதி 30 சதவீதத்துக்கு வந்ததும் அந்த மீதியில் 10 சதவீதமாகக் குறைக்கலாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் மாதம் 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாக.

50 மில்லிகிராம் கேப்ஸ்யூலை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மருத்துவர் என்னை மறுபடி 100-ல் நிறுத்தி, திரவ மருந்துக்கு மாற்றினார். இங்கே மிக மிகக் கவனம் வேண்டும். ட்ரமடால் திரவத்தில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 100 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, அதாவது இருபது மடங்கு வித்தியாசம். மில்லி வேறு, மில்லிகிராம் வேறு. பாட்டில் லேபிளைப் படித்து, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மருந்தாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்ச்தான் சரி. செயலியைவிட எனக்குப் பிடித்தது காகித நோட்டு: தேதி, டோஸ், தூங்கிய மணி, கால் குடைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். மதிப்பெண் ஏறினால் அந்த வாரம் குறைக்காமல் அதே அளவில் நின்றேன். மிகச் சின்ன அளவுக்கு வந்த பிறகு வேளைகளுக்கு நடுவில் இடைவெளியை நீட்டினோம். 100-லிருந்து பூஜ்யத்துக்கு வர ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது.

படி 4: ராத்திரிகள்

கால் குடைச்சலுக்கு வெந்நீர்ப் பை, கெண்டைச் சதையை நீட்டி மடக்குவது, எழுந்து நடப்பது. படுத்தபடியே பொறுத்துக்கொள்ள முயல்வதுதான் இருப்பதிலேயே மோசம், எழுந்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தூக்கம் வர மதுவைத் தொடவே தொடாதீர்கள், இந்த மருந்தோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. படபடப்பும் வியர்வையும் தாங்கவில்லை என்றால் குளோனிடின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அந்த நோர்அட்ரினலின் பொங்குவதை அடக்கும் மருந்து அதுதான். ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்தால் தலைசுற்றும், அதனால் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, குழப்பம், நெஞ்சுவலி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, செத்துவிடலாம் என்ற எண்ணம், இதில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், ஒருவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை 1: கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைப் பாதியாக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை என்றால் உடைத்தாலோ மென்றாலோ நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பின்சேர்க்கை 2: வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நிறையச் சாப்பிட்டால் எல்லா அறிகுறியும் அடங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியில் போட்டுள்ள அளவைத் தாண்டவே தாண்டாதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம், எஃப்.டி.ஏ. 2016-லேயே எச்சரித்தது.

பின்சேர்க்கை 3: நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, முதுகு வலிக்கிறது, மீதியிருக்கும் மாத்திரையில் பழையபடி நான்கு சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும், முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடக்கூடும். மருத்துவரைக் கூப்பிட்டு நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். நலாக்ஸோன் வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், ஓபியாய்டு அதிகமானால் முறிப்பது அது. மீதி மாத்திரைகளை மருந்துக்கடை திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று இன்றைக்கே விசாரியுங்கள். என்னுடையது பதினோரு கேப்ஸ்யூல் மிச்சம் இருந்தது, கடைசி டோஸுக்கு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.